லோடர் நிற்கும் பக்கம்

டாங்கியும் டேங்க்கும் ஒரே பொருள்தான் என்பது உங்களுக்கு எந்த வயதில் தெரிந்தது? என் வயதுக்காரர்கள் யாரிடம் கேட்டாலும் கொஞ்சம் யோசித்துவிட்டுச் சிரிக்கிறார்கள். நம் காலத்தில் செய்தித்தாளில் வந்தது டாங்கி. தெருவுக்குத் தண்ணீர் கொண்டுவந்தது டேங்க். ஒன்று சண்டைக்குப் போனது. இன்னொன்றின் பின்னால் நாம் குடத்தோடு ஓடினோம். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே நான்கு எழுத்துதான் என்று எனக்குத் தெரிந்தது ஆறாம் வகுப்பில், அரைப்பரீட்சைக்குச் சற்று முன்னால். தேதி குறித்து வைக்கவில்லை. ஆனால் வங்கதேசச் சண்டை நின்றுவிட்டதாக ரேடியோவில் சொல்லியிருந்தார்கள். பள்ளிக்குப் போகும் வழியில் கோலங்களின் நடுவே பூசணிப்பூ இருந்தது. ஆகவே 1971, மார்கழியின் முதல் வாரம். அதற்கு மேல் துல்லியம் என்னிடம் இல்லை.

இதை இப்போது எழுதக் காரணம் என் பேரன். வில்லாபுரம் வீட்டு மாடியில் அவன் பிளாஸ்டிக் டாங்கிகள் ஒட்டுகிறான். பெட்டியிலேயே எல்லாத் துண்டுகளும் வந்துவிடுகின்றன. பெயின்டுக்கு எண் இருக்கிறது. நானும் ஒரு டாங்கி செய்திருக்கிறேன் என்று சொன்னேன். எந்த அளவில் என்று கேட்டான். அடிக்கு அரை அங்குலம் என்றேன். அவன் கணக்குப் போட்டு, “ஒண்ணுக்கு இருபத்தி நாலு. பெருசுதான் அப்பத்தா” என்றான், மரியாதையோடு. அந்த மரியாதைக்கு நான் மட்டும் உரியவள் இல்லை என்பதால் முழுவதையும் எழுதிவிடுகிறேன்.

முதலில் அண்ணனைப் பற்றி. எனக்கும் அவனுக்கும் ஒன்பது வயது வித்தியாசம். அப்பாவுக்குக் கீழமாசி வீதியில் பருப்பு மண்டி. மேற்கே நிலத்தில் பாடுபட்ட குடும்பத்திலிருந்து மதுரைக்கு வந்து கடை வைத்த முதல் ஆள் அவர். தனக்குப் பிறகு அண்ணன் கல்லாவில் உட்காருவான் என்பது அவர் போட்டிருந்த திட்டம். அவன் ஒரு நாள் வீட்டில் சொல்லாமல் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டான். பயிற்சி முடிந்து முதல் லீவில் வந்தபோது அப்பா அவனோடு பேசவில்லை. இரண்டாவது லீவில்தான், சாப்பிடும்போது, தட்டைப் பார்த்தபடியே கேட்டார்.

“என்ன வேல குடுத்திருக்காங்க?”

“டேங்க்ல லோடருப்பா.”

அப்பாவின் கை நின்றது. எங்கள் மண்டியில் மூட்டை ஏற்றி இறக்குகிற ஆட்களை லோடுமேன் என்போம். அவர்கள் அப்பாவை முதலாளி என்பார்கள். அப்பா அவர்களை அண்ணே என்பார். ஆனால் தன் மகன் அந்த வேலைக்குப் போவது வேறு விஷயம்.

“மூட்டை தூக்கவா அம்புட்டுத் தூரம் போன? நம்ம மண்டியிலயே தூக்கியிருக்கலாம்ல. வீட்டுச் சோறாவது கிடைச்சிருக்கும்.”

அண்ணன் ஒரு வாக்கியத்தில் விளக்கியிருக்கலாம். விளக்கவில்லை. “ஆமாப்பா” என்று மட்டும் சொல்லிவிட்டு மோர் ஊற்றிக்கொண்டான். இரண்டு பேருக்கும் ஒரே வீம்பு. அப்பா பாதிச் சாப்பாட்டில் எழுந்து கை கழுவினார். லீவு முடியும் முன்பே அண்ணன் ரயில் ஏறிவிட்டான். அது அந்த ஆண்டு ஆடி மாதம்.

அம்மாவுக்கு இதில் வருத்தமே இல்லை. டேங்க் என்றால் அவளுக்குத் தெரியும். மாநகராட்சி டேங்க் வாரம் இரண்டு முறை எங்கள் சந்துக்கு வந்தது. ஆகவே தன் மகன் பட்டாளத்துக்குத் தண்ணீர் கொண்டுபோகிற லாரியில் ஏற்றி இறக்கும் வேலை பார்க்கிறான் என்று தானாகவே முடிவு செய்துகொண்டாள். “சண்டை போடுறவனுக்கும் தவிக்கும்ல? தண்ணி குடுக்குறது எம்புட்டுப் புண்ணியம்” என்று அக்கம்பக்கத்தில் சொல்வாள். சண்டை தொடங்கியபோதும் அவள் பயப்படவில்லை. சந்துக்குள் பட்டாளத்துக்குப் பிள்ளையை அனுப்பிய இன்னொரு வீட்டில் அடுப்பு எரியவில்லை. எங்கள் வீட்டில் அம்மா வழக்கம்போலப் புளிக்குழம்பு வைத்தாள், வழக்கம்போலத் தூங்கினாள்.

அப்பா ரேடியோச் செய்தி கேட்டுவிட்டு ஏளனமாகச் சொல்வார்: “உன் மவனுக்கென்ன. சண்டை நடக்குற எடத்துக்கும் அவன் இருக்குற எடத்துக்கும் இருநூறு மைல் இருக்கும். பக்கெட்டத் தூக்கிக்கிட்டுத் திரிவான், லோடுமேன்.” இதை அவர் ஒருநாள் விட்டு ஒருநாளாவது சொன்னார். எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது. நாடே பட்டாளத்தாரைக் கும்பிட்டுக்கொண்டிருந்தபோது, பெற்ற மகனை இப்படிப் பேசுகிறாரே என்று.

சண்டை முடிந்ததும் எங்கள் பெண்கள் பள்ளியில் ஒரு கண்காட்சி அறிவித்தார்கள். தை பிறந்ததும் நடக்கும். விமானம், கப்பல், டாங்கி என்று சீட்டுக் குலுக்கிப் போட்டதில் எங்கள் வகுப்புக்கு வந்தது டாங்கி. எல்லோரும் விமானம் கேட்டு அழுதார்கள். டாங்கியைச் செய்ய முன்வந்தது இரண்டே பேர். ஒருத்தி நான். இன்னொருத்தி எனக்குப் பக்கத்தில் உட்காரும் கூட்டாளி, டிரங்குப்பெட்டிக்காரர் மகள். பழைய ஊருக்குள், பள்ளிவாசல் பக்கத்துச் சந்தில் அவள் அத்தாவின் பட்டறை. கல்யாணத்துக்கும் ஹாஸ்டலுக்கும் வெளிநாட்டுக்கும் போகிற தகரப்பெட்டிகள் அங்கிருந்துதான் போயின. ஆமை ஓடுபோல மூடி வைத்து, பச்சை அடித்து, மூலைக்கு மூலை ரோஜாப்பூ வரைந்த பெட்டிகள். உங்களில் பலர் வீட்டுப் பரணில் இன்னும் ஒன்று கிடக்கும்.

டாங்கி எப்படி இருக்கும் என்று பார்க்கப் பள்ளி நூலகத்துக்குப் போனோம். தடித்த ஆங்கிலப் படப்புத்தகம் ஒன்று இருந்தது. இரண்டு பக்கத்துக்கு ஒரு டாங்கி. பக்கச் சுவரை வெட்டி எடுத்துவிட்டு உள்ளே தெரியும்படி வரைந்திருந்தார்கள். அந்த மாதிரிப் படத்தை நான் அதுவரை கண்டதில்லை. அத்தனை கனமான இரும்புக்குள், ஒரு சமையலறை அளவுகூட இல்லாத இடத்தில், நான்கு மனிதர்கள் பொருத்தி வைத்ததுபோல இருந்தார்கள். ஒருவன் படுத்தாற்போல் முன்னால். மேலே கூண்டில் இரண்டு பேர் உட்கார்ந்து. ஒருவன் மட்டும் நின்றுகொண்டு, கையில் குண்டோடு. எண் போட்டுக் கீழே பெயர் எழுதியிருந்தது. தலைப்பை எழுத்துக் கூட்டினேன். டி, ஏ, என், கே.

“டேங்க்குன்னு போட்டிருக்குடி” என்றேன்.

“டாங்கியத்தான் அப்படிப் போட்டிருக்கான்” என்றாள் கூட்டாளி.

நிற்கிறவனின் எண்ணைத் தேடிப் பெயரைக் கூட்டினேன். எல், ஓ, ஏ, டி. மீதியைப் படிக்க வேண்டியிருக்கவில்லை.

நூலகத்தில் எங்களைத் தவிர யாரும் இல்லை. நான் அந்தப் படத்தின் மேல் விரலை வைத்தபடி உட்கார்ந்திருந்தேன். பயந்தேனா, பெருமைப்பட்டேனா என்று கேட்டால் இரண்டும் பிறகு வந்தவை. முதலில் வந்தது மலைப்பு. எனக்குச் சைக்கிள் கற்றுக்கொடுத்தவன், என் ஜடையை ஜன்னல் கம்பியில் கட்டிவிட்டு ஓடியவன், இதற்குள் நிற்கிறானா?

“எங்கண்ணன் இதுக்குள்ள இருக்கான்” என்றேன்.

கூட்டாளி படத்தைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். “தண்ணி வண்டின்னுல உங்கம்மா சொன்னாக?”

“அவங்களுக்குத் தெரியாது. அப்பாவுக்கும் தெரியாது. மூட்டை தூக்குறான்னு நெனச்சிக்கிட்டிருக்காரு.”

“அப்ப உங்கப்பாட்ட சொல்லிரு. அம்மாட்ட சொல்லிராத.”

பதினொரு வயதில் அவள் சொன்னதைவிடச் சரியாக இன்றும் என்னால் அந்தச் சிக்கலைச் சொல்ல முடியாது. சண்டை நின்று நாட்கள் ஆகியும் அண்ணனிடமிருந்து ஒரு வரி வரவில்லை. உண்மையைச் சொன்னால் அப்பாவின் ஏளனம் நிற்கும்; அண்ணனுக்கு வீட்டில் ஓர் இடம் கிடைக்கும். அதே உண்மை அம்மாவின் காதில் விழுந்தால், செய்தி வரும்வரை அவள் உயிரோடு இருப்பாளா என்பதே எனக்குச் சந்தேகம். ஆகவே டாங்கியைச் செய்து, அண்ணனை அதில் நிறுத்தி, மண்டிக்குக் கொண்டுபோய் அப்பாவிடம் மட்டும் காட்டுவது என்று முடிவு செய்தோம். வாயால் சொன்னால் அவர் நம்பமாட்டார்.

புத்தகத்தை வெளியே தரமாட்டார்கள். தாளில் தேங்காய் எண்ணெய் தடவிக் கண்ணாடிபோல ஆக்கி, படத்தின் மேல் வைத்துப் பென்சிலால் எடுத்தோம். பட்டறையில் அந்தத் தாளைத் தகரத்தின் மேல் கவிழ்த்து, கரண்டிக் காம்பால் தேய்த்தாள் கூட்டாளி. பென்சில் கோடு தகரத்தில் இறங்கியது. அவள் அத்தா ரோஜாப்பூவை எல்லாப் பெட்டிக்கும் அப்படித்தான் இறக்குவார்.

அந்தப் பட்டறையின் வாசனை இன்னும் என்னிடம் இருக்கிறது: ஈயம் உருகும் புகை, வார்னிஷ், மூலையில் கொதிக்கும் டீ. வெட்டித் தள்ளிய தகரத் துண்டுகள் காலடியில் கலகலக்கும். “துண்டு எம்புட்டு வேணும்னாலும் எடுத்துக்கங்க. விரலை மட்டும் வெட்டிக்கிட்டு வந்து நிக்காதீக” என்பார் அவள் அத்தா. அதோடு சரி, எங்கள் பக்கம் திரும்பமாட்டார். கத்திரியைப் பிடித்தது அவர் மகள். தகரம் அவள் கையில் தாள்போல மடங்கியது. நான் அளந்தேன், அவள் வெட்டினாள். சாய்ந்த முன்பக்கத்தை அவள் மடித்துப் பற்றவைத்தபோது, அதுவரை பெட்டியாக இருந்தது திடீரென்று பெட்டியாக இல்லாமல் போனது.

சக்கரத்துக்குக் கலர் பாட்டில் மூடிகள், இரண்டிரண்டாக முதுகு ஒட்டி. மீனாட்சி கோயில் பக்கத்துப் பெட்டிக்கடைகளில் பொறுக்கினோம். சங்கிலிப் பட்டைக்குச் சைக்கிள் கடையில் கழித்துப் போட்ட செயின்கள், பக்கத்துக்கு இரண்டு. பீரங்கிக் குழாய் அப்பாவின் கிழிந்த குடையின் தண்டு. கூண்டு சுழல வேண்டும் என்று நான் அடம்பிடித்ததால் அடியில் ஒரு பவுடர் டப்பாவின் மூடி. கூண்டின் மேல் ஒன்று, டிரைவருக்கு மேல் ஒன்று என்று கீல் வைத்த கதவுகள். டிரங்குப்பெட்டிக்குப் போடுகிற அதே கீலில் மிகச் சின்னது.

ஆட்களுக்குச் சாக்பீஸ். இங்கேதான் அளவு வந்தது. அண்ணன் ஐந்தடி ஒன்பதங்குலம். அடிக்கு அரை அங்குலம் என்று வைத்தால் ஏறக்குறைய ஒரு முழுச் சாக்பீஸ். டாங்கி முழுவதையும் அந்தச் சாக்பீஸை வைத்துத்தான் அளந்தோம். உட்கார்ந்திருப்பவர்களுக்குச் சாக்பீஸை ஒடித்து ஒட்டினோம். நிற்கிறவனுக்கு ஒடிக்கவில்லை. ஊக்கு முனையால் முகம் சீவினேன். கையில் குண்டுக்குப் பதிலாகத் தீர்ந்துபோன பித்தளை ரீஃபிலின் ஒரு துண்டு.

பெயின்ட் பெரிய சண்டையானது. நாங்கள் கண்ட டாங்கிப் படம் எல்லாமே கறுப்பு வெள்ளை. பட்டாளப் பச்சை என்கிறார்களே, அது எந்தப் பச்சை? பட்டறையில் இருந்தது பெட்டிக்கு அடிக்கும் பச்சை. பூசிப் பார்த்தால் கிளி உட்கார்ந்திருப்பதுபோல இருந்தது. கொட்டாங்கச்சிகளில் கலக்கத் தொடங்கினோம். கறுப்பு விட்டால் பாசியாகிறது. காவி விட்டால் சாணியாகிறது. கடைசியில் இரண்டையும் விட்டு, ஒரு துளி மஞ்சளும் விட்டபோது, அண்ணன் லீவில் வந்து கொடியில் காயப்போட்ட சட்டையின் நிறம் கொட்டாங்கச்சியில் நின்றது. நான் அதை முகர்ந்துகூடப் பார்த்தேன்.

பூசிக் காயவைத்துவிட்டுப் பிற்பகல் வந்து பார்த்தால், பின்பக்கத் தகட்டின் இரண்டு மூலையிலும் ரோஜாப்பூ.

“என்னடி இது?”

கூட்டாளிக்கே அப்போதுதான் தெரிந்தது. “கை தானாப் போயிருச்சு. மூலையப் பாத்தா பூவு வந்துருது.”

“பாகிஸ்தான்காரன் பாத்தா சிரிப்பான்.”

“அவன் முன்பக்கந்தான பாப்பான்” என்றாள் அவள். பிறகு பூவின் மேல் பச்சை பூசினாள்.

அதற்குப் பிறகு அவள் செய்ததை நான் எந்தப் புத்தகத்திலும் படித்ததில்லை. பேரனின் வீடியோக்களில்தான் அது உலகம் முழுக்கச் செய்யும் வித்தை என்று தெரிந்தது. பெட்டிப் பூண்களுக்குப் பூசும் அலுமினியப் பெயின்டில் தூரிகையைத் தொட்டு, கந்தலில் துடைத்துத் துடைத்து, ஒன்றுமே இல்லாததுபோல ஆக்கி, டாங்கியின் விளிம்புகளில் மட்டும் லேசாக உரசினாள். பச்சை தேய்ந்து உள்ளிருந்து இரும்பு தெரிவதுபோல ஆனது. ஈரம் காயும் முன் வைகை மணலைச் சலித்துச் சக்கரங்களின் மேல் தூவினோம். வெறும் தகரமும் மூடியும் குடைக்கம்பியும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் ஓர் அடிக்குச் சற்றுக் கூடுதலான அந்தப் பொருள், பல டன் கனத்தோடு பட்டறைத் தரையை அழுத்திக்கொண்டு நின்றது.

கூண்டுக் கதவைத் திறந்து, டார்ச் அடித்து, ஒற்றைக் கண்ணால் உள்ளே பார்த்தேன். இருட்டில் பித்தளை மின்னியது. அதற்குப் பின்னால் அண்ணன் நின்றான். நான் வெகு நேரம் கண்ணை எடுக்கவில்லை. கூட்டாளி என் தோளைத் தட்டி, “எனக்கும் காட்டு, உனக்கு மட்டுமா அண்ணன்” என்றாள்.

பொங்கலுக்கு முந்தைய வாரம் டாங்கியைத் துணிப்பையில் போட்டு மண்டிக்குக் கொண்டுபோனேன். மதியம். லோடுமேன் அண்ணன்கள் துவரம்பருப்பு மூட்டைகளின் மேல் கண்ணயர்ந்திருந்தார்கள். அப்பா கல்லாவில் தனியாக இருந்தார்.

“என்னத்தா இது, பெட்டியா?”

“டாங்கிப்பா. டாங்கின்னா டேங்க்குதான். ரெண்டும் ஒண்ணுதான்.”

நான் கூண்டைக் கழற்றிவிட்டு, வழி முழுக்கச் சொல்லிப் பார்த்ததை ஒப்பித்தேன். “இது டிரைவரு. இது குறி பாக்குறவரு. இது ஆபீஸரு. நிக்கிறாருல்ல, இது லோடரு. லோடருன்னா மூட்டை தூக்குறவரு இல்லப்பா. பீரங்கிக்குக் குண்டு போடுறவரு. அவரு இல்லாட்டி பீரங்கி வெடிக்காது. அண்ணன் அந்த வேலதான் பாக்குறான்.”

அப்பா கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். குனிந்தார். கூண்டைத் திருப்பிப் பார்த்தார். அவர் முகம் மாறும், அண்ணனைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை வரும் என்று காத்திருந்தேன்.

“பக்கம் மாறிப்போச்சு தாயி” என்றார்.

எனக்குப் புரியவில்லை.

“பீரங்கிக்கு எடது கைப்பக்கம் நிப்பான் அவன். நீ வலதுபக்கம் நிறுத்தியிருக்க. டிரைவரையும் மாத்தித்தான் வச்சிருக்க.” விரல் நுனியால் சாக்பீஸைத் தொட்டார், அது தூங்குவதுபோல. “எடது பக்கந்தான் குண்டு அடுக்கியிருக்கும்.”

மண்டியில் எலி ஓடும் சத்தம் கேட்டது.

“உங்களுக்கு எப்படிப்பா தெரியும்?”

“திருவாதவூர்ல இருந்து உளுந்து போட வருவாருல்ல, பெரிய மீசைக்காரரு. பட்டாளத்துல இத ஓட்டுனவரு. தீபாவளிக்கு முந்தியே கேட்டுட்டேன். சாக்பீஸால தரையில வரஞ்சே காட்டுனாரு.”

“அப்புறம் ஏம்ப்பா வீட்ல லோடுமேன், லோடுமேன்னு...”

அப்பா கூண்டை எடுத்து, அதன் இடத்தில் பொருந்துகிறதா என்று பார்த்துப் பார்த்து வைத்தார்.

“உங்கம்மா தூங்குறால்ல” என்றார். “தூங்கட்டும்.”

நான் வீட்டுக்கு நடந்தேன். கீழமாசி வீதியில் அன்று என்ன பார்த்தேன் என்று எனக்கு நினைவில்லை. தேதிகளை ஒழுங்கு செய்வது என் பழக்கம். அன்று முதன்முறையாக அதைச் செய்தேன் என்று நினைக்கிறேன். ஆடியில் அவர் பேசியது கோபம். தீபாவளிக்கு முன் தெரிந்துகொண்டார். சண்டை தொடங்கியது அதற்குப் பிறகு. அப்படியானால், ரேடியோவை அணைத்துவிட்டு அவர் சொன்ன ஒவ்வொரு ஏளனமும், பக்கெட்டும் இருநூறு மைலும், அம்மாவின் காதுக்காகச் சொன்னவை. மகன் எந்தப் பக்கம் நிற்கிறான், குண்டு எங்கே அடுக்கியிருக்கிறது என்பது வரை தெரிந்த ஒரு மனிதர், அதைத் தனியாக நெஞ்சில் வைத்துக்கொண்டு, என் கோபத்தையும் சேர்த்து வாங்கிக்கொண்டிருந்தார். நான் அளந்து வைத்திருந்த அப்பாவின் அளவு தப்பு. எத்தனை மடங்கு என்று எனக்குக் கணக்கு வரவில்லை.

பக்கம் மாறியது எப்படி என்று பட்டறையில் தாளை எடுத்துப் பார்த்தபோது விளங்கியது. கவிழ்த்துத் தேய்த்ததில் இடது வலதாகிவிட்டது. “பூவுக்கு எடம் வலம் ஏது? எந்தப் பக்கம் கவுத்தாலும் பூவுதான்” என்றாள் கூட்டாளி, தலையில் கை வைத்துக்கொண்டு. ஈயத்தை உருக்கிக் கதவுகளைப் பெயர்த்து மாற்றிப் பற்றவைத்தோம். பெயின்ட் கருகிய இடங்களில் மறுபடி பூசினோம். அண்ணனை எடுத்து இடது பக்கம் நிறுத்தினேன்.

கண்காட்சிக்கு அம்மா வராமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். வந்தாள், பட்டுச்சேலை கட்டிக்கொண்டு. அப்பாவும் மண்டியை விட்டுவிட்டு வந்தார். அவர் பள்ளிக்கு வந்தது அந்த ஒரே தடவை. அண்ணனிடமிருந்து அப்போதும் செய்தி இல்லை. பெரிய டீச்சர் எங்கள் மேசைக்கு வந்து, உள்ளே யார் யார் என்று விளக்கச் சொன்னார். அம்மா என் தோளருகில் நின்றாள். டாங்கி என்ற சொல் பிரச்சினையில்லை. அது அவளுக்கு வேறு வண்டி. லோடர் என்ற சொல்தான் வரக்கூடாது.

“இது டிரைவர். இது குறி பார்ப்பவர். இது அதிகாரி” என்றேன். நாலாவது ஆளின் மேல் விரலை வைத்துவிட்டுக் கூட்டாளியைப் பார்த்தேன்.

“இது கூட இருக்கிறவர் டீச்சர்” என்றாள் கூட்டாளி. “குண்டு எடுத்துக் குடுப்பார்.”

பெரிய டீச்சர் தலையாட்டிவிட்டுக் கப்பலுக்குப் போனார். அம்மா போகவில்லை. குனிந்து, கூண்டுக்குள் பார்த்தாள். அவள் மூக்குத்தி தகரத்தில் லேசாக இடித்தது.

“எல்லாரும் உக்காந்திருக்காங்க. இந்தப் புள்ள மட்டும் ஏன் நிக்குது?”

“அது நின்னுதான் வேல பாக்கணும்மா” என்றேன்.

“எம்புட்டு நேரம்?”

நான் கூண்டின் கதவைத் திறந்து மூடினேன்.

“பாவம்” என்றாள் அம்மா. “பெத்தவ பாத்தா தாங்குவாளா.”

அப்பா அவளுக்குப் பின்னால் நின்றார். “பழகிரும்” என்றார். பிறகு எதிர் மேசையில் இருந்த காகித விமானத்தை, எங்களுக்கு முதுகு காட்டி, மிக நீண்ட நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். அதில் பார்க்க அவ்வளவு ஒன்றும் இல்லை.

அண்ணன் நலம் என்ற செய்தி தை மாதக் கடைசியில் வந்தது. அம்மா, “தண்ணி லாரிக்காரனுக்கு என்ன வரப்போகுது” என்று சொல்லிவிட்டு, ஆனாலும் கோயிலுக்குப் போய்வந்தாள். டாங்கியைப் பள்ளி வாங்கி வைத்துக்கொண்டது. சில ஆண்டுகள் அறிவியல் அறையின் அலமாரி உச்சியில் இருந்தது. பிறகு கட்டடத்தை இடித்துக் கட்டியபோது காணாமல் போனது. விசாரித்தேன். யாருக்கும் நினைவில்லை. கூட்டாளி கல்யாணமாகிப் போனபோது அவள் அத்தா செய்துகொடுத்த பெட்டிக்கு அவளே பூ வரைந்துகொண்டாள் என்று கேள்விப்பட்டேன்.

அண்ணன் வந்தது சித்திரையில், திருவிழாக் கூட்டம் ஊரை நிறைத்திருந்த நாட்களில். ரயிலடியிலிருந்து நேராக மண்டிக்கு வரச் சொல்லி அப்பா ஆள் அனுப்பியிருந்தார். நான் அங்கே இருந்தேன். மெலிந்து கறுத்திருந்தான். வாசலிலேயே, உள்ளே வரலாமா என்பதுபோல நின்றான்.

“ஒரு குண்டு எம்புட்டுக் கனம் இருக்கும்?” என்றார் அப்பா.

அண்ணன் அவரைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். “இருபது கிலோவுக்கு மேல இருக்கும்ப்பா.”

“குனிஞ்சு எடுக்குறியா, நின்ன வாக்குலயா?”

“ரெண்டும் இருக்கு. கீழ அடுக்குல இருந்து எடுக்குறப்ப குனியணும்.”

“குனிஞ்சு எடுக்குறப்ப இடுப்ப மடக்காத. முட்டிய மடக்கு. நம்ம ஆளுகளக் கேளு, சொல்லுவாங்க.” பிறகு, வேறு யாருக்கோ சொல்வதுபோல, “உங்கம்மாவுக்கு ஒண்ணும் தெரியாது” என்றார்.

அவ்வளவுதான் அவர்கள் பேசியது. மூன்று பேரும் வீட்டுக்கு நடந்தோம். அம்மா இலை போட்டாள். ஆடி மாதத்துக்குப் பிறகு முதன்முறையாக இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். அம்மா குழம்பு ஊற்றிக்கொண்டே, தான் இத்தனை மாதமாகக் கேட்க வைத்திருந்ததைக் கேட்டாள்.

“ஏய்யா, ரோடெல்லாம் குண்டும் குழியுமா இருக்குமாமே. அம்புட்டுத் தூரம் போறதுக்குள்ள தண்ணி பூராம் சிந்திப்போகாதா?”

அப்பாவின் கை சோற்றில் நின்றது. அண்ணன் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. சிரித்தபடி அம்மாவை நிமிர்ந்து பார்த்தான்.

“ஒரு சொட்டு சிந்தாதும்மா” என்றான். “மூடி அம்புட்டு இறுக்கம்.”

அப்பா தலையைக் குனிந்தபடியே தன் இலையிலிருந்த முட்டையை எடுத்து அவன் இலையில் வைத்தார்.